பாதியில் பாதி

கோரமண்டல் தங்கச் சுரங்கத்து மரக்கொட்டடிக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சீட்டாடுகிறவர்களுக்குக் கிருஷ்ணம்மா சட்டி பிடித்தாள். சட்டி என்றால் மண்சட்டி இல்லை, ஒரு தகரத் தட்டு. ஆடுகிறவர்கள் பந்தயமாகப் போடும் காசெல்லாம் அதில் விழும். ஆட்டம் முடிந்ததும் அதைப் பிரித்து உரியவரிடம் கொடுப்பது அவள் வேலை. பொழுது சாயும்போது ஆளுக்கு அரையணா அவளுக்குக் கூலி.

ஆட்டத்தின் பெயர் போக்கர். கார்ன்வால் சீமைச் சுரங்கக்காரர்கள் அமெரிக்காவில் தங்கம் தோண்டிவிட்டு இங்கே வந்து இறங்கியபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு அதையும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுடைய பங்களாக்களில் நாற்காலிக்குப் பின்னால் தட்டேந்தி நின்ற பட்லர்கள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பு லைன்களுக்கு அதைக் கடத்தினார்கள். நடுவில் சேரும் பணத்தைத் துரைமார் 'பாட்' என்றார்கள். பட்லர்களுக்குத் தெரிந்த பாட் அடுப்பங்கரையில் இருந்ததுதான். அதனால் இங்கே அது சட்டியாயிற்று.

பெயரோடு விதியும் மாறியது. துரைமார் ஆட்டத்தில் உயர்ந்த சீட்டுக்காரன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவான். லைன்காரர்களுக்கு அது ஒப்பவில்லை. பூமிக்கு அடியில் காண்டிராக்ட் வேலை செய்யும் கூட்டத்தில், மேலே துளை போடுகிறவனுக்கும் கீழே கல் அள்ளுகிறவனுக்கும் பங்கு உண்டு. சீட்டில் மட்டும் ஏன் மேலே இருப்பவனுக்கே எல்லாம் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். ஆகவே சட்டியில் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு வந்தது. ஆகப் பெரிய சீட்டுக்கு மேல் பாதி. ஆக மட்டமான சீட்டுக்குக் கீழ் பாதி. ஜோடி சேராமல், வரிசை சேராமல், ஒரே சாதியாகவும் அமையாமல், ஏழு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று வந்தால் அதைவிட மட்டமான சீட்டே கிடையாது. அதற்கு 'ஷாஃப்ட் அடி' என்று பெயர். சுரங்கக் குழியின் தரை. அதற்குக் கீழே ஆளை இறக்கும் கூண்டான கேஜ் போகாது.

அந்தப் பாதியைப் பிரிப்பதில்தான் தகராறு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, மரவேலை மேஸ்திரி ஏசுபாதம் சொன்னார்: "கறிக்கூறு போடுறாளே கிருஷ்ணம்மா, அவளக் கூப்டு. ஒரு எலும்பு இந்தாண்ட அந்தாண்ட போவாது அவ கையில."

அது உண்மைதான். கிருஷ்ணம்மா குடியாத்தம் பக்கத்திலிருந்து புருஷன் தங்கவேலுவோடு வந்தவள். தங்கவேலு நந்திதுர்க் சுரங்கத்தில் கல் அள்ளினான். அதிகம் பேசாதவன். அவனுக்கும் சேர்த்து அவள் பேசினாள். ஊரில் செய்தது போலவே இங்கேயும் லைன்களில் வீடு வீடாகப் போய்க் கறிக்குப் பணம் சேர்ப்பாள். நாலணா போட்டவர், எட்டணா போட்டவர் எல்லாரையும் மனதிலேயே வைத்துக்கொண்டு, கசாப்புக்காரர் ஆட்டை அறுத்ததும் இலைகளைப் பரப்பி, சதை, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் போட்ட பணத்துக்குச் சரியாக வரும்படி கூறு வைப்பாள். எட்டணாக்காரர் இலையில் நாலணாக்காரரைப்போல் சரியாக இரண்டு மடங்கு இருக்கும். யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. இதற்குக் கசாப்புக்காரர் அவளுக்குக் கொடுத்தது தலையும் காலும். முதல் அவருடையது, ஆடு அவருடையது, லாபமும் அவருடையது.

சட்டி பிடிக்க ஆரம்பித்த முதல் மாதம் அவள் சீட்டைக் கவனிக்கவில்லை. காசைத்தான் கவனித்தாள். யார் எவ்வளவு போட்டார், யார் எவ்வளவு எடுத்தார் என்பது வேண்டாமென்றாலும் அவள் தலையில் தங்கிவிடும். அப்படித்தான் அந்த விசித்திரம் அவள் கண்ணில் பட்டது.

துளை போடுகிற சின்னசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ் பாதியை ஜெயித்தான். அவனைப் போலவே இன்னொருவனுக்கும் அதே மட்டமான சீட்டு வந்திருந்ததால் கீழ் பாதியை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். சட்டியில் முன்பே கிடந்தது ஒரு ரூபாய். கடைசியில் மூன்று பேர் ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டார்கள். ஆக மொத்தம் பதினாறு. மேல் பாதிக்காரனுக்கு எட்டு. மிச்ச எட்டில் சின்னசாமிக்கு நாலு. அவன் நாலு ரூபாயை உள்ளங்கையில் குலுக்கி, "ஜெயிச்சிட்டேன்டா" என்று எல்லாருக்கும் வெற்றிலையும் சுருட்டும் வாங்கிக் கொடுத்தான். கிருஷ்ணம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்து போட்டு நாலு எடுத்தவன் எதற்காகச் சுருட்டு வாங்கித் தருகிறான்?

பிறகுதான் தெரிந்தது, அவன் ஒருவன் இல்லை, எல்லாரும் அப்படித்தான். காண்டிராக்ட் பணம் பங்கு போட்டு வாங்கிப் பழகியவர்கள். அங்கே யாரும் கையிலிருந்து காசு போடுவதில்லை, உடம்பைத்தான் போடுகிறார்கள். கைக்கு வருவது எல்லாம் வரவு. அதே கண்ணோடு சட்டியையும் பார்த்தார்கள். சட்டிக்குள் விழுந்த நிமிஷமே தன் காசு தன் காசாக இருப்பதை விட்டுவிடுகிறது. அப்புறம் அதிலிருந்து எது வந்தாலும் கூலிதான். போட்டதைக் கழிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கறி வெட்டும் இடத்தில் அவளுக்கு அது தெளிவாயிற்று. மூன்று பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு ஒரு ஆடு வாங்குகிறார்கள். ஒருவன் பாதி ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகிறான். மிச்சப் பாதியை மற்ற இருவர் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த இருவருக்கும் வருவது ஆளுக்குக் கால் ஆடு. மூன்று ரூபாயில் கால், பன்னிரண்டு அணா. ஒவ்வொரு ரூபாய்க்கும் நாலணா போச்சு. இப்படி ஒரு கூறை எவனாவது வாங்குவானா?

ஒரே ஒரு வழியில் வாங்கலாம். முன்பே கொக்கியில் ஒரு தொடை தொங்குகிறது, அதற்குப் பணம் போட்டவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், அதிலும் கால் பங்கு சும்மா வரும். அந்தச் சும்மா வருவது, போடும் பணத்தில் போகும் நாலணாக்களை ஈடு கட்ட வேண்டும். இழப்பதும் கால், கிடைப்பதும் கால். ஆகவே கேள்வி ஒன்றுதான்: பழசு பெரிசா, புதுசு பெரிசா? சட்டியில் முன்பே கிடப்பது, இப்போது தான் போட வேண்டியதைவிட அதிகமென்றால் போடலாம். குறைவென்றால் ஜெயித்தாலும் நஷ்டம்.

கீழ் பாதி பங்கில்லாமல் தனக்கே வருமென்றால் கதை வேறு. மூன்று பேர் நிற்கும்போது ஒரு ரூபாய்க்கு ஒன்றரை வரும். இரண்டே பேர் நின்றால் போட்டது போட்டபடி திரும்பும், பழசில் பாதி இனாம். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவரும் இல்லை.

ரயில் வந்து இரண்டு வருஷமாகியிருந்த அந்தச் சித்திரையில்தான் ஆடு வந்தது. முல்பாகல் பக்கத்திலிருந்து மந்தை ஓட்டி வரும் ஒரு தெலுங்கர், கசாப்புக்காரரோடு விலைத் தகராறில் மனம் கசந்து, கிருஷ்ணம்மாவிடம் நேராகவே கேட்டார். ஆறு ஆடு, இருபத்துநாலு ரூபாய். மொத்தமாக எடுத்தால் கொடுப்பார். ஒன்று இரண்டாகப் பொறுக்க விடமாட்டார். திங்கட்கிழமை காலை வருவார், பணம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் மந்தையோடு பௌரிங்பேட்டைச் சந்தைக்குப் போய்விடுவார். ஆறு ஆடு கையில் இருந்தால் கசாப்புக்காரரை விட்டுத் தானே கூறு போடலாம். தலையும் காலும் இல்லை, ஆடு முழுதும் அவளுடையது.

அவளிடமும் தங்கவேலுவிடமுமாக இருபது ரூபாய் இருந்தது. நாலு ரூபாய் குறைவு.

"நாலு ரூபாய்க்கு எவன் கிட்டயும் போய் நிக்காத," என்றான் தங்கவேலு. அந்த வாரத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். வட்டிக்கு வாங்கியவர்கள் லைனை விட்டு ஓடிப்போனதை அவன் பார்த்திருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பளம் போட்ட மறுநாள். கொட்டடிக்குப் பின்னால் இரண்டு தாங்குமரங்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக ஐந்து பேர். அன்று சின்னசாமிக்குக் காய்ச்சல். நாலு பேர் ஆட்டம் ருசிக்காது என்று ஏசுபாதம் மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, கனத்த உடம்பு. காது மேல் எப்போதும் ஒரு தச்சுப் பென்சில் இருக்கும். ஆடுகிறவர்களில் கணக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"மடியில இன்னா முடிஞ்சி வெச்சினு கீற?" என்று அவர் கிருஷ்ணம்மாவைக் கேட்டார். "துட்டா, பொட்டுக்கடலையா?"

"துட்டுதான் மேஸ்திரி. நாளைக்கி ஆடு வாங்க."

"நாளைக்கி ஆடு வாங்கிக்க. இன்னிக்கி ஆடு."

எல்லாரும் சிரித்தார்கள். பெல்காரன் வால்டர் இன்னும் கோயிலுக்குப் போட்ட வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. "கூறு போடத் தெரிஞ்சவங்களுக்கு ஆடத் தெரியாது மேஸ்திரி," என்றான். "சட்டிய யக்கா நல்லாதான் புடிக்கிறாங்க. அத்தோட வுடுங்க."

வால்டர் குழிவாயில் நின்று கேஜுக்கு மணி அடிக்கிறவன். இறக்க இரண்டு, நிறுத்த ஒன்று. நல்ல பையன், கொஞ்சம் வாய்.

"தள்ளிக் குந்து," என்றாள் கிருஷ்ணம்மா. அவன் தள்ளி உட்கார்ந்தான். தட்டு அவள் முன்னாலேயே இருந்தது. அதை வேறு யாரிடமும் கொடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் அவள் ஆடியதைப் பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வந்தது. ஆரம்பக் காசு எட்டணாவைப் போடுவாள், சீட்டைப் பார்ப்பாள், கவிழ்த்துவிடுவாள். கூட்டம் மேலே எகிறும்போது வெளியே இருப்பாள். ஒருவன் மட்டும் எதிரே நிற்கும்போது உள்ளே வருவாள், பழசில் பாதியை எடுத்துக்கொள்வாள். "கோழி பொறுக்குற மாதிரி பொறுக்குறாங்க பாரு," என்றான் வால்டர். அந்தக் கோழிப் பொறுக்கலில் இருபது ரூபாய் இருபத்துமூன்று ஆகியிருந்தது. இன்னும் ஒரு ரூபாய்தான். வெயில் கொட்டடி நிழலைத் தாண்டிப் பலகையின் ஓரத்துக்கு வந்தபோது அந்தச் சீட்டு விழுந்தது.

ஐந்து பேரும் எட்டணா போட்டார்கள், இரண்டரை ரூபாய். வேண்டாத சீட்டைப் போட்டு வேறு சீட்டு மாற்றுவதற்கு முன் இரண்டு பேர் விலகிவிட, மேஸ்திரியும் வால்டரும் அவளும் இன்னொரு எட்டணா போட்டார்கள். தட்டில் நாலு ரூபாய். கிருஷ்ணம்மா கையில் இரண்டு, மூன்று, நான்கு, ஏழு, ஒரு ராஜா. ராஜாவைப் போட்டுவிட்டு ஒரு சீட்டு வாங்கினாள். ஐந்து வந்தது.

ஷாஃப்ட் அடி. அவள் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். ஏழு மாதமாக ஜெயித்தவன் தோற்றவன் இருவருக்கும் ஒரே முகத்தோடு காசு கொடுத்துப் பழகியிருந்ததால் அது கஷ்டமாக இல்லை.

மேஸ்திரி ஒரு சீட்டு மாற்றினார். வால்டர் இரண்டு மாற்றினான். மேஸ்திரி கீழ் பாதிக்கு எப்போதும் ஆடமாட்டார். கூரை தாங்க மரம் கொடுக்கிறவன் கீழே பார்க்கக் கூடாது என்பார். ஆகவே மேல் பாதி அவருக்குத்தான் என்பது வாங்கின சீட்டைப் பார்த்ததும் அவர் பென்சிலைத் தொட்டதிலேயே தெரிந்தது. மடிப்பையிலிருந்து அவர் ரூபாய்களை எடுத்து எண்ணி வைத்தார். இருபது.

"இருவது," என்றார். "போடுறவங்க போடலாம். மத்தவங்க கோயிலுக்குப் போலாம்."

"நான் காலையிலேயே போயிட்டு வந்துட்டேன்," என்றான் வால்டர். அன்று மதியம் முழுக்க அவன் பக்கம்தான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் முன்னால் சம்பளமும் ஜெயித்ததும் சேர்ந்து குவிந்திருந்தன. இருபதை அடுக்கித் தட்டுக்குள் தள்ளினான். தள்ளிவிட்டுக் கையைப் பலகை மேல் வைத்தான். அவன் ஆள்காட்டி விரல் பலகையை ஒரு முறை தட்டியது.

தட்டிலிருந்த காசுகள் மெல்ல நடுங்கின. அந்த நடுக்கம் வேறு யாருக்கும் தெரியாது, தட்டுக்கு நேரே உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும். வால்டர் சீட்டுப் பார்க்கும்போதெல்லாம் அவன் விரல் அவனுக்கே தெரியாமல் மணி அடிக்கும். கீழ்ச் சீட்டைத் தேடும்போது இரண்டு தட்டு, இறக்கு. கேஜ் தரையைத் தொட்டுவிட்டால் ஒரே தட்டு, நிறுத்து. ஏழு மாதத்தில் நாலு தடவை அந்த ஒற்றைத் தட்டைக் கேட்டிருக்கிறாள். நாலு தடவையும் அவன் திருப்பிக் காட்டியது ஷாஃப்ட் அடி.

இப்போது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

தட்டில் நாற்பத்துநாலு. அவளும் போட்டால் அறுபத்துநாலு. வெள்ளி ரூபாய்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. கீழ் பாதி தனக்கு மட்டும் என்றால் முப்பத்திரண்டு. இருபது போட்டு முப்பத்திரண்டு, பன்னிரண்டு ரூபாய் லாபம். ஆறு ஆடும் வாங்கி, மேலே இரண்டு ஆட்டு விலையும் மிஞ்சும். ஆனால் வால்டரிடமும் அதே சீட்டு என்றால் பாதியில் பாதி, பதினாறு. இருபது போட்டுப் பதினாறு. நாலு ரூபாய் போச்சு. ஒரு ஆடு.

பழசு நாலு. புதுசு இருபது.

விரலை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் மிச்சம். பன்னிரண்டு வரலாம், நாலு போகலாம். நாலு தடவைக்கு ஒரு தடவை அந்த விரல் பொய் சொல்லுமென்றால் சரிக்குச் சரி, அதைவிட அதிகமாகப் பொய் சொல்லுமென்றால் தைரியமாகப் போடலாம். ஆனால் அவள் கேட்ட நாலு தடவையில் அது ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. மடியில் இருப்பது இருபத்திரண்டு. இப்போது நிறுத்தினால் நாளைக்கு இரண்டு ரூபாய் குறையும். போட்டு, விரலும் நிஜமென்றால், ஆறு ரூபாய் குறையும். இரண்டு ரூபாய்க்கு ஏதாவது வழி தேடலாம். ஆறு ரூபாய்க்கு வழி கிடையாது.

"யக்கா, பொழுது போவுது," என்றான் வால்டர்.

"நான் எறங்கிட்டேன்," என்று சொல்லிச் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினாள்.

மேஸ்திரி முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் தாமதித்து மறைந்தது. மேஸ்திரி காட்டும் வரை காத்திராமல் வால்டர் தன் ஐந்தையும் திருப்பிப் போட்டான். ஏழு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. மேஸ்திரியிடம் மூன்று ராஜாவும் இரண்டு பத்தும் இருந்தன. கிருஷ்ணம்மா தட்டை இழுத்து, நாற்பத்துநாலை இருபத்திரண்டு இருபத்திரண்டாகப் பிரித்து வைத்தாள். அதற்குள் வால்டர் கையை நீட்டி அவள் கவிழ்த்த சீட்டுகளைத் திருப்பிவிட்டான். பிறகு கொட்டடி முழுக்கச் சிரிப்பு.

"ஷாஃப்ட் அடிய கையில வெச்சினு எறங்கிட்டாங்கடா," என்றான் வால்டர். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஜெயிச்ச சீட்டு யக்கா அது. ஜெயிச்ச சீட்டு. நமக்கு ஆளுக்குப் பாதி வந்துருக்கும்."

"பாதியில பாதி."

"சரி, பாதியில பாதி. அறுவத்துநாலுல பதினாறு. பதினாறு ரூபா சும்மாவா?"

"அதுக்கு நீ எவ்ளோ போட்டுருப்ப?"

"இருவது."

"அப்பொ?"

"அது போட்டது யக்கா," என்று வால்டர் பொறுமையாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான். "போட்டது வேற, வந்தது வேற."

கிருஷ்ணம்மா சீட்டுகளைக் கூட்டி அடுக்கினாள். தான் இறங்கியதால் அவன் பையில் ஒரு ரூபாய் கூடியது, போட்டிருந்தால் ஐந்து ரூபாய் குறைந்திருக்கும் என்பதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? அவன் இருபத்திரண்டையும் வாரிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த லைனுக்கு இந்தக் கதையைச் சொல்ல அப்போதே எழுந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் கோரமண்டல் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாவது லைன் பார்வதம்மா குழாயடியில் அவளை நிறுத்தி, "ஏன்டி, கையில வந்த லட்சுமிய எட்டி ஒதச்சியாமே?" என்று கேட்டாள்.

"ஒதைக்கல. பக்கத்து வீட்டுக்குப் போச்சு," என்றாள் கிருஷ்ணம்மா.

தங்கவேலுவுக்கும் கதை எட்டியிருந்தது. சாப்பிடும்போது, "மடியில எவ்ளோ கீது?" என்று மட்டும் கேட்டான். இருபத்திரண்டு என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

சிரிக்காதவர் ஒருவர்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கு, முதல் ஷிப்டுக்கு ஆள் இறங்கிய பிறகு, ஏசுபாதம் மேஸ்திரி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பாதையில் தூசி எழும்பிக்கொண்டிருந்தது. மந்தை தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"நேத்து நீ போட்டிருந்தா எனக்குப் பதினோரு ரூபா வந்துருக்கும்," என்றார். "வந்தது ஒண்ணு. அந்தப் பையன் வெரலு உனக்கும் தெரியுமா?"

"எந்த வெரலு?"

மேஸ்திரி பென்சிலை எடுத்துக் காதைச் சொறிந்தார். "செரி வுடு. உனக்கு எவ்ளோ கொறையுது?"

"ரெண்டு ரூபா. ஆனா கடன் வேணாம் மேஸ்திரி. என் வூட்டுக்காரருக்குப் புடிக்காது."

"கடன் யார் குடுத்தா? பங்கு. ரெண்டு ரூபா நான் போடுறேன், லாபத்துல பாதி எனக்கு."

கிருஷ்ணம்மா மந்தையைப் பார்த்தாள். இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"இருவத்துநாலுல ரெண்டு போட்டா பன்னெண்டுல ஒரு பங்கு," என்றாள். "அரை ஆடு."

"அந்த அரை ஆடு இல்லாட்டி உனக்கு அஞ்சரை ஆடும் கெடையாது. அவன் மொத்தமாத்தான் தருவான். என் ரெண்டு ரூபா சும்மா ரெண்டு ரூபா இல்ல, கடைசி ரெண்டு ரூபா."

அது நியாயம்தான். அவர் கணக்குத் தெரிந்தவர். அவருக்குத் தெரியாது என்று நினைத்து ஆடினால் தோற்க வேண்டும். அவர் போய்விட்டால் தனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தான் வேண்டாமென்றால் அவருக்கும் ஒன்றுமில்லை. லைன் லைனாக நடந்து கூறு சேர்க்கப் போவது அவர் இல்லை.

"கடைசி ரூபாய்க்கு ரெட்டை வெல தர்றேன்," என்றாள். "ஆறுல ஒண்ணு."

"பாதி கேட்டவனுக்கு ஆறுல ஒண்ணா?"

"பாதின்னா பெரிசாத்தான் தெரியும் மேஸ்திரி. நீங்க இன்னா போடுறீங்கன்னு பாருங்க. ரெண்டு ரூபா போட்டு ஒரு ஆடு எடுக்குறீங்க. ஆடு நாலு ரூபா. இந்த மாதிரி சீட்டு உங்களுக்கு என்னைக்காவது வந்துருக்கா?"

மேஸ்திரி மடிப்பையை அவிழ்த்து இரண்டு ரூபாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வால்டரைப் போலவே, போட்டது வேறு என்று நினைக்கிறவராக இருந்திருந்தால் அவர் பாதிக்காக இன்னும் அரை மணி நேரம் வாதாடியிருப்பார். மந்தை பௌரிங்பேட்டைக்குப் போயிருக்கும்.

தெலுங்கர் வந்தார். இருபத்துநாலு ரூபாயை இரண்டு தடவை எண்ணி, ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டிப் பார்த்து, ஆறு ஆடுகளைப் பிரித்து விட்டார். அதில் ஒன்று பின்னங்காலை ஊன்றாமல் நடந்தது. ஏன் மொத்தமாகத்தான் கொடுப்பேன் என்றார் என்பது அப்போதுதான் புரிந்தது.

மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆடுகளைச் சுற்றி வந்தார், நொண்டியின் முன்னால் நின்றார்.

"இதுல என்னுது எது?" என்று கேட்டார்.

"நொண்டியில ஆறுல ஒண்ணு," என்றாள் கிருஷ்ணம்மா. ஆடுகளை வேலியில் கட்டிக்கொண்டிருந்தாள். "மீதி அஞ்சுலயும் ஆறுல ஒண்ணு. அப்டியே அந்தக் கயித்த எடுங்க மேஸ்திரி."

அவர் கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.